தூணுக்குத் தூண் எத்தனை அடி?

ஹைதர் அலி பிறந்த ஊர் என்று பெயர் வாங்கிய பூதிகோட்டை, கருங்கல் பூமி. கோலார் வட்டாரமே அப்படித்தான். திராட்சைப் பந்தலுக்குக்கூட இங்கே கல்தூண் நடுகிறார்கள். அந்த ஊரில் ஒருவர் வீட்டு முன்னால் தூண் நட்டு, உத்தரம் போட்டு, பலகை பரப்பி, மாலையில் காற்றாட உட்கார ஒரு மேடை கட்ட நினைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். தூணுக்குத் தூண் எத்தனை அடி விடலாம்?

தூணின் பலத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். மேலிருந்து அமுக்கும் பாரம் கருங்கல்லுக்கு ஒரு பொருட்டே அல்ல. ஆபத்து உத்தரத்தில்தான். பாரம் ஏறியதும் அது துளி வளைகிறது. மேல்முகம் நெருக்குண்கிறது, அடிமுகம் இழுபடுகிறது. நெருக்குதலில் தாங்குவதில் சுமார் பத்தில் ஒரு பங்குதான் இழுபடும்போது கல் தாங்கும். அடியில் ஒரு விரிசல் விழுந்தால் முன்னறிவிப்பே இல்லாமல் இரண்டாகிவிடும். கோலாரம்மா கோயிலிலும் கோலார் சோமேசுவரர் கோயிலிலும் தூண்கள் நெருங்கி நிற்பதில் அழகு மட்டும் இல்லை, இந்த அச்சமும் இருக்கிறது.

மரம் இழுபட்டாலும் தாக்குப்பிடிக்கும். ஆனால் கணக்கு அதையும் விடுவதில்லை. ஒவ்வோர் அடி நீளத்திலும் ஒரே பாரம் என்றால், 6 அடி இடைவெளியை 9 அடி ஆக்கும்போது முறிக்கும் விசை இரண்டேகால் மடங்காகிறது. நடுவில் விழும் தொய்வோ ஐந்து மடங்கைத் தாண்டுகிறது. நடந்தால் பலகை குதிப்பது இதனால்தான். இதற்கு ஒரு மாற்று உண்டு: 2 அங்குலத்துக்கு 4 அங்குலக் கட்டையைப் படுக்கவைக்காமல் நிமிர்த்தி வைத்தால் விறைப்பு நான்கு மடங்கு.

இதைவிட வியப்பான ஒன்று இருக்கிறது. 10 அடி உத்தரத்தின் இரு நுனியிலும் தூண் வைப்பதற்குப் பதிலாக, ஒவ்வொன்றையும் 2 அடி உள்ளே தள்ளி நடுங்கள். பாரம் சீராகப் பரவியிருந்தால், உத்தரம் சந்திக்கும் உச்ச வளைவு விசை ஐந்தில் ஒன்றாகக் குறைந்துவிடும். வெளியே நீட்டிய நுனிகள் கீழே இறங்கப் பார்க்கும்போது நடுப்பகுதி மேலே தூக்கப்படுகிறது. ஒரு காசு கூடச் செலவில்லை, அதே மரம், அதே இரண்டு தூண்! நீட்டலை மட்டும் அதிகமாக்கக் கூடாது; நாலு பேர் ஓரத்தில் போய் நின்றால் தூணுக்கு மேலே உத்தரத்தின் முதுகு இழுபடும்.

அப்படியானால் நடுவில் இன்னொரு தூண் நட்டால் இன்னும் நல்லதுதானே? கலிலியோ 1638இல் வெளியிட்ட நூலில் இதற்கு ஒரு சம்பவம் சொல்கிறார். படுக்கவைத்திருந்த பெரிய பளிங்குத் தூண் ஒன்றை இரு முனைகளிலும் கட்டைகள் தாங்கின. நடுவில் ஒடிந்துவிடுமோ என்று பயந்து அங்கேயும் ஒரு கட்டையைச் செருகினார்கள். சில மாதங்களில் தூண் சரியாக அந்தப் புதுக் கட்டைக்கு மேலேயே பிளந்து கிடந்தது. ஒரு முனைக் கட்டை இற்று இறங்கிவிட்டது. நடுக் கட்டை அசையவில்லை. ஆதாரமில்லாமல் தொங்கிய பாதி, தன் பாரத்தாலேயே தூணை முறித்துவிட்டது. இரண்டே தாங்கல் இருந்திருந்தால் ஒன்று இறங்கியபோது கல்லும் கூடவே சாய்ந்திருக்கும், அவ்வளவுதான்.

பாறை நிறைந்த ஊரில் இது வெறும் பழங்கதை இல்லை. ஒரு குழியில் ஓரடியில் பாறை தட்டும். நாலடி தள்ளி, என்றைக்கோ கொட்டி மூடிய மண்ணாக இருக்கும். ஒன்று அசையாது, மற்றது மழைக்கு இறங்கும். அதனால் அடி கணக்கைப் பேசுவதற்கு முன்னால் கடப்பாரை போட்டுப் பார்க்க வேண்டும். எல்லாக் குழியையும் ஒரே மாதிரி கெட்டி மண்வரை, முடிந்தால் பாறைவரை இறக்க வேண்டும். கட்டி முடித்து முதல் மழைக்காலம் போனதும் உத்தரத்தின்மேல் ரசமட்டம் வைத்துப் பார்த்தால் எந்தத் தூண் இறங்கியது என்று தெரிந்துவிடும். அப்போதே அடியில் ஆப்பு கொடுத்துச் சரிசெய்யலாம்.