பளபளப்பு திரும்பும், பூச்சு திரும்பாது

மலேசியாவின் கூலிம் ஹைடெக் தொழிற்பூங்காவில் ஷிஃப்ட் முடியும்வரை திறந்தவெளியில் வெயில் காயும் கார்களுக்கு முதலில் மங்குவது கூரையும் பானெட்டும்தான். பட்டறைக்குக் கொடுக்கிற காசுக்குப் பாலிஷ் மெஷினையே வாங்கிவிடலாமே என்ற கணக்கு அப்போது எழுகிறது. கணக்கு தப்பில்லை, ஆனால் அதில் ஓர் எண் விட்டுப்போகிறது. இன்றைய கார்களில் நிறத்துக்கு மேலே இருக்கும் கிளியர் கோட் பொதுவாக 35 முதல் 50 மைக்ரான்தான். தலைமுடி ஒன்றே ஏறக்குறைய 70 மைக்ரான் தடிமன். பாலிஷ் போடுவது எதையோ பூசும் வேலை என்றே பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது கீறலின் அடிவரைக்கும் சுற்றியுள்ள பூச்சைச் சீவுகிற வேலை. வெயிலின் புற ஊதாக் கதிரிலிருந்து நிறத்தைக் காப்பதும் அதே பூச்சு. சீவியது சீவியதுதான், பிறகு சாயம் அடித்தால்தான் உண்டு. பழைய கார் வாங்கியவர்கள் இன்னும் யோசிக்க வேண்டும்: விற்பனைக்கு வைக்கும் முன்பே யார் எத்தனை முறை சீவினார்களோ!

டூயல் ஆக்ஷன் மெஷினில் ஆபத்தே இல்லை என்பார்கள். ரோட்டரியைவிட அது சாது என்பது சரி. ரோட்டரி ஒரே இடத்தில் சூட்டை ஏற்றிவிடும். டூயல் ஆக்ஷன் சுழன்றபடியே ஊசலாடுவதால் சூடு பரவிவிடுகிறது. ஆனால் பானெட்டின் ஓரத்திலும் கதவின் மடிப்பிலும் பூச்சு மெலிந்திருக்கும்; அங்கே மாஸ்கிங் டேப் ஒட்டாமல் போனால் எந்த மெஷினும் தின்னும். வெள்ளைப் பஞ்சில் காரின் நிறம் ஏறினால் உடனே நிறுத்துங்கள்: கிளியர் கோட் உள்ள காரில் அது தீர்ந்துவிட்டதன் அடையாளம். பூச்சை விட்டால் உயிர்ப் பிரச்சினை இருக்கிறது. காரைக் கழுவிய கையோடு ஈரத் தரையில் நின்று மெஷினைப் பிடிப்பதுதான் வழக்கம். மலேசியாவின் 1994 மின்சார விதிமுறைகள் கையில் பிடிக்கும் கருவிக்கு 30 மில்லி ஆம்பியர், தரை ஈரமாகக்கூடிய இடத்துக்கு 10 மில்லி ஆம்பியர் அளவில் மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் பாதுகாப்புக் கருவியை (ஆர்சிடி) கேட்கின்றன. வீடு முழுவதற்கும் 100 மில்லி ஆம்பியர் ஆர்சிடி ஒன்று மட்டும் இருந்தால் அதை நம்பி இறங்காதீர்கள். முதலில் தரை காயட்டும்.

சொந்தக் கையால் கெடுத்ததற்கு யாரிடமும் ஈடு கேட்க முடியாது. பட்டறை கெடுத்தாலோ, வாங்கிய மெஷின் பழுதாக இருந்தாலோ கேட்கலாம். 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம், சேவை நியாயமான கவனத்தோடும் திறமையோடும் செய்யப்பட வேண்டும் என்கிறது. ‘சேதத்துக்கு நாங்கள் பொறுப்பல்ல’ என்று சுவரில் எழுதி வைத்து அதிலிருந்து நழுவ முடியாது. சின்ன விஷயத்துக்கு வழக்கா என்று தயங்குகிறவர்கள் கட்டணத்தைப் பார்க்கட்டும்: பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 5 வெள்ளி. 2019இல் உச்சவரம்பு 50,000 வெள்ளியாக உயர்த்தப்பட்டது, கோர 3 ஆண்டு அவகாசம் உண்டு, பொதுவாக வழக்கறிஞர் தேவையில்லை. தீர்ப்பை மதிக்காமல் விடுவது குற்றம். சிக்கல் வேறெங்கோ இருக்கிறது. முன்பே இருந்த தேய்மானம் என்று பட்டறை சொன்னால் எதைக் காட்டி மறுப்பீர்கள்? வேலைக்கு முன் பானெட், கூரை, கதவு ஓரங்களைப் பூச்சுமானியால் அளக்கச் சொல்லி, மைக்ரான் கணக்கை ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். அந்தக் கருவியே இல்லை என்கிற பட்டறையிடம், எவ்வளவு சீவப்போகிறீர்கள் என்று கேட்டும் பயனில்லை.