வேடிக்கை பார்க்கும் வகுப்பு

பள்ளிப் பிள்ளைகள் சண்டை போடுவதும் மறுநாளே ராசியாவதும் இயல்பு. ஒரே பிள்ளையைக் குறிவைத்து நாள்தோறும் அடிப்பதும், பட்டப்பெயர் சொல்லி அழவைப்பதும், விளையாட்டில் சேர்க்காமல் ஒதுக்குவதும் அந்த வகையில் சேராது. இந்த வேறுபாட்டைத் தெளிவாக வரையறுத்தவர், ஸ்வீடனில் பிறந்து நார்வேயில் பணியாற்றிய உளவியலாளர் டான் ஓல்வியஸ். வேண்டுமென்றே செய்வது, திரும்பத் திரும்பச் செய்வது, எதிர்த்து நிற்கும் பலம் இல்லாதவரிடம் செய்வது ஆகிய மூன்றும் சேர்ந்தால் அது துன்புறுத்தல் என்றார். பலம் என்றால் உடல்பலம் மட்டுமல்ல. கூட்டாளிகள், வகுப்பில் உள்ள செல்வாக்கு, குடும்பத்தின் வசதி எல்லாமே பலம்தான். அதனால்தான் இருவரையும் கூப்பிட்டுக் கைகுலுக்கச் சொல்வது இங்கே பலிப்பதில்லை. அது பாதிக்கப்பட்ட பிள்ளைக்கு அநீதியும்கூட. தவறே செய்யாத பிள்ளையும் பாதிப் பழியை ஏற்க வேண்டியதாகிறது.

1982 இறுதியில் நார்வேயின் வடபகுதியில் மூன்று சிறுவர்கள் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். சக மாணவர்களின் கொடுமையே காரணமாக இருக்கலாம் என்ற செய்தி நாட்டை உலுக்கியது. மறு ஆண்டே அரசு நாடு தழுவிய தடுப்பு இயக்கத்தைத் தொடங்கியது. பெர்கன் நகரில் சுமார் 2,500 மாணவர்களை ஓல்வியஸ் 1983 முதல் 1985 வரை தொடர்ந்து ஆராய்ந்தார். இடைவேளையில் ஆசிரியர்களின் கண்காணிப்பு, வகுப்புக்கென்று தெளிவான விதிகள், மாணவர்களோடு அடிக்கடி கலந்துபேசுவது, பெற்றோரையும் சேர்த்துக்கொள்வது எனப் பள்ளிகளில் செய்தவை எல்லாம் எளிய ஏற்பாடுகளே. துன்புறுத்தல் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது.

ஃபின்லாந்தின் துர்க்கு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிறிஸ்டினா சல்மிவல்லி வேறொரு பக்கம் திரும்பிப் பார்த்தார். கொடுமை செய்பவர், அனுபவிப்பவர் என்ற இருவரை மட்டும் பார்த்தால் போதாது. சுற்றி நிற்கும் வகுப்பையும் பார்க்க வேண்டும் என்பதே 1990-களில் அவரும் சக ஆய்வாளர்களும் கண்டது. சிலர் கூடச் சேர்ந்து அடிக்கிறார்கள். சிலர் சிரித்து உற்சாகமூட்டுகிறார்கள். பலர் பேசாமல் ஒதுங்கிக்கொள்கிறார்கள். ஒருசிலரே காப்பாற்ற வருகிறார்கள். கொடுமை செய்யும் பிள்ளை பெரும்பாலும் தேடுவது வகுப்பில் ஒரு கெத்து. அதைக் கொடுப்பது அந்தச் சிரிப்பும் மௌனமும்தான்.

இந்த அடிப்படையில் உருவான ‘கிவா’ திட்டம், 2007-ல் தொடங்கிய கள ஆய்வுக்குப் பிறகு 2009 முதல் ஃபின்லாந்துப் பள்ளிகளில் பரவலாக நடைமுறைக்கு வந்தது. வகுப்பில் நடக்கும் கலந்துரையாடல், நடிப்பு, கணினி விளையாட்டு வழியாக, வேடிக்கை பார்ப்பவர் என்ன செய்யலாம் என்று பிள்ளைகள் பழகுகிறார்கள். இடைவேளையில் மேற்பார்வை செய்யும் ஆசிரியர்கள், தூரத்திலிருந்தே கண்ணில் படும் பளிச்சென்ற மேலங்கி அணிகிறார்கள். புகார் வந்தால், அதற்கென்றே பயிற்சி பெற்ற ஆசிரியர் குழு முதலில் பாதிக்கப்பட்ட பிள்ளையிடம் தனியாகப் பேசுகிறது. பிறகு கொடுமை செய்தவர்களை ஒவ்வொருவராக அழைத்துப் பேசி, இனி என்ன செய்யப்போகிறார்கள் என்று உறுதி வாங்குகிறது. வகுப்பில் மதிப்புள்ள இரண்டு மூன்று பிள்ளைகளை வகுப்பாசிரியர் அழைத்து, அந்தப் பிள்ளைக்குத் துணையாக இருக்கும்படி கேட்டுக்கொள்கிறார். திட்டத்தின் உயிர்நாடி இந்தக் கடைசி ஏற்பாடுதான் என்று சொல்லத் தோன்றுகிறது. தனித்து நின்ற பிள்ளைக்குப் பக்கத்தில் மதிப்புள்ள ஒரு தோழன் நின்றாலே மற்றவர்களின் சிரிப்பு அடங்கத் தொடங்கும்.

தொடக்கப்பள்ளி வயதில் நல்ல பலன் தெரிந்தது. வளரிளம் பருவத்தில் அவ்வளவாக இல்லை. அந்த வயதில் ஆசிரியரின் சொல்லைவிடக் கூட்டாளிகளின் கணிப்பே பெரிதாகிவிடுகிறது. இன்னொரு உண்மையும் ஆய்வுகளில் தெரியவந்தது. துன்புறுத்தல் பெருமளவு குறைந்த வகுப்பில் இன்னமும் சிக்கியிருக்கும் பிள்ளை, முன்னைவிட அதிகமாக மனம் உடைந்துபோகிறது. தன்னைப்போல இன்னொருவர் இல்லாதபோது, குறை தன்னிடம்தான் என்று நம்பத் தொடங்குகிறது. வகுப்பின் மொத்தக் கணக்கு குறைந்ததும் பள்ளி நிம்மதி அடைந்துவிட முடியாது. கிவா குழுவும் முதல் பேச்சோடு நிறுத்தாமல், சில வாரங்களில் சம்பந்தப்பட்டவர்களை மறுபடி அழைத்து, கொடுமை உண்மையிலேயே நின்றதா என்று விசாரிக்கிறது.