மின்மூளை இறுக்கம்

ஜப்பானியர் படைத்த ‘கோஸ்ட் இன் த ஷெல்: ஸ்டாண்ட் அலோன் காம்ப்ளெக்ஸ்’ என்னும் சித்திரத் தொடரை நம் விடுதியில் இரவு கண்விழித்துப் பார்த்தவர் பலர். 2002-ஆம் ஆண்டில் வெளிவந்த அத்தொடரின் கதை, 2030-களின் உலகில் நிகழ்வது. அவ்வுலக மாந்தர் தம் மூளையோடு மின்னணுக் கருவியை இணைத்துக்கொள்கின்றனர். வாய் திறவாமலே பேசுகின்றனர். நினைத்த மாத்திரத்தில் நூலகத்தையே புரட்டுகின்றனர். (தேர்வு நேரத்தில் இவ்வசதி யாருக்குக் கசக்கும்!) ஆனால் இணைத்துக்கொண்டோருள் சிலருக்கு மூளைத் திசு மெல்ல மெல்லக் கெட்டிப்படுகிறது. ‘மின்மூளை இறுக்கம்’ என்பது அக்கொடிய நோய்.

நோய் கற்பனைதான். எனினும் அதற்கு வித்தான உண்மை ஒன்று உண்டு.

நம் மூளை நுங்கைப் போல் மெத்தென்றிருப்பது. அதில் பாய்ச்சும் சிலிக்கன் ஊசியோ அதைவிடக் கோடிக்கணக்கான மடங்கு விறைப்பானது. நாம் மூச்சு விடும்போதும் நாடி துடிக்கும்போதும் மூளை சற்றே அசைகிறது. ஊசி அதற்கு இசைந்து வளைவதில்லை. ஓயாத உரசல்! உடனே மூளையின் காவற்படையான மைக்ரோகிளியா உயிரணுக்கள் வந்து சூழ்கின்றன. பின்னர் ஆஸ்ட்ரோசைட் என்னும் உயிரணுக்கள் ஊசியைச் சுற்றித் தழும்பு ஒன்றை எழுப்புகின்றன. காலில் தைத்து உள்ளேயே தங்கிவிட்ட முள்ளைச் சுற்றித் தசை தடித்துப் போவதில்லையா, அதுபோலத்தான். மூளைக்கு அது தற்காப்பு, கருவிக்கோ திரை. நரம்பணுக்களின் நுண்ணிய மின்குறிகள் நாளடைவில் மங்கிப்போவதற்கு இது ஒரு முக்கிய காரணம்.

கதை மிகைப்படுத்துவது இங்கேதான். உண்மைத் தழும்பு மில்லிமீட்டரில் ஒரு சிறு பங்கே. மூளை முழுதும் பரவுவதன்று. 2004-இல் கைகால் செயலிழந்த அமெரிக்க இளைஞர் ஒருவரின் மூளையில் 96 மின்வாய்களைப் பதித்தனர். அவர் எண்ணத்தாலேயே கணிப்பொறியை இயக்கினார், மூளை இறுகவில்லை.

ஆனால் அத்தொடரில் என்னை உறுத்தியது நோயன்று, மருந்தின் கதையே. முராய் என்பவர் கண்ட தடுப்பு மருந்து குணமளிக்கிறது; அதற்கு அனுமதி இல்லை. பயனற்ற வேறொரு சிகிச்சைக்கு அனுமதி கிடைக்கிறது. தடுத்த அதிகாரியோ தமக்கு நோய் வந்ததும் முராய் மருந்தையே இரகசியமாகப் பெற்றுக்கொள்கிறார்!

உடலுக்குள் கருவியை ஏற்றவர் அதன்பின் பிறர் தயவில் வாழ்பவரே. இதற்குக் கற்பனை வேண்டியதில்லை. பார்வையிழந்தோரின் விழித்திரையில் பொருத்தும் கருவியைச் செய்துவந்த அமெரிக்க நிறுவனமான செகண்ட் சைட், 2019-இல் அதன் உற்பத்தியைக் கைவிட்டது. 350-க்கும் மேற்பட்டோர் அக்கருவியைப் பொருத்திக்கொண்டிருந்தனர். ஒளியும் நிழலும் மட்டுமே காட்டிய கருவிதான்; ஆயினும் அவர்களுக்கு அது பார்வை. அது பழுதானால் மாற்று உறுப்புக்கு எங்கே போவது? நிறுவனம் 2020-இல் தன் பணியாளருள் பெரும்பாலோரை அனுப்பிவிட்ட செய்தி, நோயாளிகள் பலருக்கு முறையாகத் தெரிவிக்கப்படவே இல்லை.