திரை நீக்கும் களிம்பு

'திரை' என்னும் சொல் தமிழில் மூன்று பொருள்களை உடனே நினைவூட்டும். கடலில் எழுவது திரை. மறைத்துத் தொங்குவது திரை. முதுமையில் தோலில் விழும் சுருக்கமும் திரையே. நரை, திரை, மூப்பு என அடுக்கிச் சொல்வது நம் முன்னோர் வழக்கு. நரையை மறைக்கச் சாயம் கண்டனர். திரையை நீக்கச் சித்தர்கள் காயகற்பம் தேடினர். கடந்த நூற்றாண்டின் இறுதியில்தான் திரையை ஓரளவேனும் குறைக்கவல்ல களிம்பு ஒன்று ஆய்வுக்கூடச் சோதனையில் தேறியது. ட்ரெட்டினாயின் என்பது அதன் பெயர். உயிர்ச்சத்து ஏ-யின் அமில வடிவம் அது. இக்குடும்பத்து மருந்துகளுக்கெல்லாம் ரெட்டினாய்டு என்பது பொதுப்பெயர். கண்ணின் ரெட்டினாவில் இச்சத்து தொழிற்படுவதால் வந்த பெயர் இது. ரெட்டினாவை நாம் விழித்திரை என்கிறோம். விழித்திரையின் பெயரைத் தாங்கிய மருந்து தோலின் திரையை நீக்க வந்தது, தமிழில் மட்டுமே சுவைக்கக் கூடிய ஒரு பொருத்தம்.

தமிழாசிரியருக்கு இக்களிம்பில் என்ன வேலை என்று மாணாக்கர் கேட்கலாம். ஐம்பதைக் கடந்த என் தமக்கையார், எங்கள் வீட்டு வழக்கில் லாத்தா, மகளின் திருமணத்துக்கு முன்பு தியாகராய நகரில் ஒரு மருந்துக்கடையில் ஒரு குழாய் வாங்கினார். மருத்துவரின் சீட்டும் இல்லை, கடையில் ஒரு கேள்வியும் இல்லை. "சுருக்கமும் போகும், நிறமும் கொடுக்கும்" என்று சொல்லியே விற்றனர். மணநாளன்று முகம் பளிச்சென்று இருந்தது உண்மை. நான்காம் மாதம் பூசுவதை நிறுத்தினார். ஒரு வாரத்துக்குள் முகம் செக்கச் சிவந்து எரிந்தது. மீண்டும் பூசினால் அடங்கும், விட்டால் எரியும். அந்தக் குழாயில் என்னதான் இருந்தது என்று தேடியபோது அறிந்தவற்றையே இங்கு எழுதுகிறேன்.

உயிர்ச்சத்து ஏ-க்கும் தோலுக்கும் உள்ள உறவை ஆராய்ந்த வரலாற்றில் நம் நிலத்துக்கும் பங்குண்டு. ஊட்டக் குறைவால் முழங்கையும் முழங்காலும் சொரசொரத்துப் போகும் நோய்க்குத் தேரைத்தோல் என்னும் பொருள்பட ஃபிரைனோடெர்மா என 1933இல் பெயரிட்டவர், இலங்கையில் பணியாற்றிய லூசியஸ் நிக்கோல்ஸ். குன்னூரில் அந்நாளில் இயங்கிய ஊட்டச்சத்து ஆய்வுக்கூடத்தார் தென்னிந்தியப் பள்ளிச் சிறுவரிடையே இந்நோயை ஆராய்ந்தனர். (அக்கூடமே 1958இல் ஐதராபாத்துக்கு இடம்பெயர்ந்து, பின்னர்த் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஆயிற்று.) இந்நோய்க்கு இச்சத்தின் குறைவு ஒன்றே காரணமன்று எனப் பின்னர்த் தெளிந்தனர். எனினும் தோலின் நலத்துக்கு இச்சத்து வேண்டும் என்னும் கருத்து ஊன்றிவிட்டது.

இனித் திரை எவ்வாறு விழுகிறது எனக் காண்போம். நாம் முதுமை என்று எண்ணுவதில் பெரும்பகுதி வெயிலின் வேலை. ஐயமிருப்பின் அவரவர் தம் மேற்கையின் உட்புறத்தையும் புறங்கையையும் அருகருகே வைத்துப் பார்க்கலாம். இரண்டும் ஒரே நாளில் பிறந்தவை. ஆனால் ஒரே வயதினவாகத் தோன்றுவதில்லை. மயிலாப்பூர் மாடவீதியில் நடைபாதையில் அமர்ந்து பூக்கட்டும் மூதாட்டியரிடமும், ஊரூர் குப்பத்து மீனவப் பெரியவர்களிடமும் இவ்வேறுபாட்டைத் தெளிவாகக் காணலாம். இருபத்தெட்டு ஆண்டுகள் சரக்கு வண்டி ஓட்டிய 69 வயது அமெரிக்கர் ஒருவரின் படத்தை 2012இல் ஒரு மருத்துவ இதழ் வெளியிட்டது. சாளரத்தை ஒட்டிய இடக்கன்னம் மட்டும் ஆழமாகச் சுருங்கியிருந்தது. ஓட்டுநர் வலப்புறம் அமரும் நம் நகரப் பேருந்துகளில் வெயில் வலக்கன்னத்தைத் தேடி வரும். வெயிலின் புறஊதாக் கதிர், தோலுக்கு உறுதிதரும் கொல்லாஜென் என்னும் புரதத்தை அரிக்கும் நொதிகளைத் தூண்டுகிறது. ட்ரெட்டினாயின் உயிரணுவின் கருவுக்குள் சென்று அவ்வரிப்பைத் தணிக்கிறது. புதிய கொல்லாஜென் உருவாகவும் துணைசெய்கிறது. 1993இல் வெளியான ஓர் ஆய்வில், பத்துப் பன்னிரண்டு மாதங்கள் இக்களிம்பைப் பூசிய தோலில் கொல்லாஜென் உருவாக்கம் 80 விழுக்காடு கூடியிருந்தது. மருந்தற்ற களிம்பைப் பூசிய தோலில் 14 விழுக்காடு குறைந்திருந்தது.

இம்மருந்து முதலில் முகப்பருவுக்கே வந்தது. அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்துத் தோல் மருத்துவர் ஆல்பர்ட் கிளிக்மன் 1969இல் அதன் பயனை எழுதினார். 1971இல் அந்நாட்டு அரசின் ஒப்புதல் கிடைத்தது. பருவுக்குப் பூசிய நடுவயதுப் பெண்கள் தம் முகச் சுருக்கம் குறைந்ததாகக் கூறியதே அடுத்த ஆராய்ச்சிக்கு வழிவகுத்தது. 1988இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் முப்பது பேரிடம் பதினாறு வாரம் சோதித்தனர். ஒரு முன்கையில் மருந்து, மறு முன்கையில் வெறுங்களிம்பு. மருந்து பூசிய கைகள் தேறின. முகத்தில் மருந்து பூசிய பதினைந்து பேருள் பதினான்கு பேருக்குப் பயன் தெரிந்தது. பெரும்பாலோர்க்குத் தோல் சிவந்து உரிந்ததையும் அவர்கள் மறைக்கவில்லை. வெயில் படாத தோலுக்கும் பயனுண்டா என்னும் வினாவுக்கு 2007இல் விடை கிடைத்தது. சராசரி எண்பத்தேழு வயதுடைய முதியோரின் மேற்கை உட்புறத்தில், ட்ரெட்டினாயினைவிட மென்மையான ரெட்டினாலை வாரம் மூன்று முறை வரை பூசினர். இருபத்து நான்கு வாரத்தில் நுண்சுருக்கம் குறைந்திருந்தது.

கிளிக்மனின் பெயரைச் சொல்லும்போது ஹோம்ஸ்பர்க்கைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. ஃபிலடெல்ஃபியா நகரத்துச் சிறை அது. 1951 முதல் 1974 வரை அங்கிருந்த கைதிகளின் உடலிலேயே அவர் பல பொருள்களைச் சோதித்தார். அவர்களுள் பெரும்பாலோர் கறுப்பினத்தார். கிடைத்தது சில டாலர் கூலி. அப்பல்கலைக்கழகத்தின் மருத்துவப் பள்ளி 2021இலும், அந்நகர நிருவாகம் 2022இலும் வருத்தம் தெரிவித்தன. கிளிக்மன் 2010இலேயே மறைந்துவிட்டார்.

அவருடைய மற்றொரு படைப்புத்தான் என் தமக்கையின் கைக்கு வந்து சேர்ந்தது. 1975இல் கிளிக்மனும் வில்லிஸும் கருநிறத் திட்டுக்களை வெளுக்கச் செய்ய மூன்று மருந்துகளைக் கலந்தனர்: நிறமியைத் தடுக்கும் ஹைட்ரோகுயினோன், ட்ரெட்டினாயின், எரிச்சலை அடக்க ஒரு ஸ்டீராய்டு. மங்கு படர்ந்தவர்க்கு, மருத்துவரின் கண்காணிப்பில், சில வாரங்களுக்கு மட்டும் உரியது இக்கலவை. நம் நாட்டில் இதே போன்ற மும்மருந்துக் கலவைகள், மொமெட்டசோன் போன்ற வலிய ஸ்டீராய்டுடன், சிவப்பழகுக் களிம்பாகவே பல வீடுகளுக்குள் நுழைந்தன. இந்தியாவில் பன்னிரண்டு மருத்துவ மையங்களில் முகத்தோல் நோயுடன் வந்த 2926 பேரைச் சோதித்தபோது, 433 பேர் முகத்தில் ஸ்டீராய்டு பூசிவந்தது தெரிந்ததாக 2011இல் ஓர் ஆய்வு கூறிற்று. 2018இல் நடுவண் அரசு இத்தகைய பூச்சு ஸ்டீராய்டுகளையும் சீட்டின்றி விற்கலாகாது என அறிவித்தது. ட்ரெட்டினாயினும் சீட்டுக்குரிய மருந்துதான். சட்டம் இருக்கிறது, கடைக்காரரும் இருக்கிறார், இருவரும் சந்திப்பதுதான் அரிது.

ஸ்டீராய்டு முதல் சில வாரங்களில் முகத்தை வெளுப்பாக்கி வழவழப்பாக்கும். பின்னர்த் தோல் மெலியும், நரம்பு போன்ற செங்கோடுகள் தெரியும், பரு கிளம்பும், முகத்தில் முடி வளரும். நிறுத்தினால் எரியும். திரையைக் குறைக்கும் மருந்தும் தோலை மெலியச் செய்யும் மருந்தும் ஒரே குழாய்க்குள் கிடந்ததை எண்ணும்போது எனக்கு இன்றும் சினமே வருகிறது. லாத்தாவின் மீதன்று. மணவீட்டில் நாலு பேர் முன் நிற்கவேண்டிய ஒரு தாய் நிறத்தை எண்ணிக் கூசும்படி செய்தது யார்? "பெண் நிறமா?" என்று கேட்கும் பெரியவர்களும் இம்மலரைப் படிப்பார்கள் என நம்புகிறேன்.

நம்மவர் தோல் முதிரும் முறையே வேறு என்பதையும் கருதவேண்டும். வெள்ளையர்க்கு முதலில் சுருக்கம் விழும். மாநிறத்தார்க்கும் கருநிறத்தார்க்கும் சுருக்கம் பல ஆண்டுகள் பிந்தும், கரும்புள்ளியும் மங்கும் முந்தும். தோலின் மெலனின் ஓரளவு இயற்கைக் குடையாக நிற்பதே காரணம். ஆனால் அதே மெலனின் வேறோர் இடர் தரும். ட்ரெட்டினாயினை மிகுதியாகப் பூசித் தோல் புண்பட்டால், புண் ஆறிய இடம் முன்னிலும் கறுக்கும். ஆகவே அவசரம் இம்மருந்துக்குப் பகை.

தோல் மருத்துவர்கள் பொதுவாகக் கூறும் முறை இது. 0.025 விழுக்காடு போன்ற குறைந்த வலிமையில் தொடங்கி, முகம் முழுமைக்கும் ஒரு பட்டாணி அளவு மட்டும், முகம் கழுவி நன்கு உலர்ந்தபின், இரவில் பூசவேண்டும். ஒளியில் மருந்து சிதையும் என்பதால் பகல் ஆகாது. முதலில் வாரத்துக்கு இரண்டு அல்லது மூன்று இரவுகள். தோல் பழகியபின் கூட்டலாம். இமை, மூக்கின் ஓரம், உதட்டின் ஓரம் ஆகியவற்றைத் தவிர்க்கவேண்டும். கழுத்தின் தோல் முகத்தினும் எளிதில் புண்படும். அங்கு இன்னும் குறைவாக. முன்கை, புறங்கைகளில் பயன் தாமதமாகவே தெரியும். வறட்சி தணிக்க ஈரப்பூச்சு வேண்டும். பகலில் வெயில்காப்புக் களிம்பு இன்றியமையாதது. அது இல்லாமல் சென்னை வெயிலில் நடந்துவிட்டு இரவில் ட்ரெட்டினாயின் பூசுவது, ஓட்டைக் குடத்தில் நீர் இறைப்பது. கருவுற்றவர், கருவுற எண்ணுபவர் இதனைத் தொடலாகாது. மூன்று முதல் ஆறு திங்களுக்கு முன் கண்ணாடியை நொந்து பயனில்லை. நிறுத்திவிட்டால் பயனும் மெல்லக் கழியும். ஆழ்ந்த மடிப்புகள் இதற்கு மசியமாட்டா. நுண்ணிய கோடுகளும் புள்ளிகளும் சொரசொரப்புமே குறையும்.

லாத்தாவைத் தோல் மருத்துவர் ஒருவரிடம் அழைத்துச் சென்றோம். ஸ்டீராய்டை ஒரேயடியாக நிறுத்தாமல் படிப்படியாகக் குறைத்தார். எரிச்சல் முற்றும் அடங்க ஏழெட்டு மாதங்கள் ஆயின. அதன் பின்னரே, கரும்புள்ளிக்கென, கலப்பில்லாத ட்ரெட்டினாயினை வாரம் இரண்டு இரவு எழுதிக்கொடுத்தார். இப்போதெல்லாம் அவர் எந்தக் குழாய் வாங்கினாலும் முதலில் என்னிடம் நீட்டி, "தம்பி, உள்ளே என்னென்ன இருக்குன்னு படி" என்பார். எறும்புக்கால் போன்ற ஆங்கில எழுத்தில் அச்சிட்டிருக்கிறார்கள். என் கண்ணுக்கும் வயதாகிவிட்டது. பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டு, '-சோன்', '-சால்' என முடியும் பெயர் உண்டா என்று தேடுகிறேன். ஸ்டீராய்டுகளின் பெயர்கள் பெரும்பாலும் அவ்வாறே முடியும்.