ஓமத்தின் மணமும் திறமும்

ஒரு சிட்டிகை ஓமத்தை உள்ளங்கையில் இட்டுக் கட்டைவிரலால் கசக்கினால், அதுவரை அடங்கியிருந்த மணம் நொடியில் எழுந்து மூக்கைத் துளைக்கிறது. விதை என்று நாம் வழங்கும் அது உண்மையில் ஒரு சிறு கனி. இரு பிளவுகளாகப் பிரியும் அக்கனியைக் குறுக்கே அறுத்து உருப்பெருக்கியில் நோக்கினால், ஒவ்வொரு பிளவிலும் ஆறு எண்ணெய்க் குழாய்கள் தெரியும். நாம் கசக்கும்போது உடைவன இக்குழாய்களே.

ஓமத்தை நீராவியால் வடித்தால் 100 பங்குக்கு 2 முதல் 4 பங்கு வரை எண்ணெய் கிடைக்கும். அந்த எண்ணெயைக் குளிரவைத்தால் பளிங்கு போன்ற படிகங்கள் பிரியும். நாட்டு மருந்துக் கடைகளில் ஓம உப்பு என்று விற்பது இதுவே. பெயரில் உப்பு இருப்பினும், இது தைமோல் என்னும் கரிமச் சேர்மம். செருமானிய வேதியியலாளர் காசுபர் நியூமன் 1719இல் தைம் செடியின் எண்ணெயிலிருந்து இதே பொருளைப் பிரித்தெடுத்தார்.

தைமோலின் மூலக்கூறில் கரிம அணுக்கள் 10, நீரிய அணுக்கள் 14, உயிர்வளி அணு 1. ஆறு கரிம அணுக்கள் வளையமாகின்றன. மற்ற நான்கும் கொழுப்பை நாடும் கிளைகளாகின்றன. வளையத்தில் ஓரிடத்தில் ஐதராக்சில் தொகுதி அமர்ந்திருக்கிறது. அத்தொகுதி இடம் மாறினால் அதுவே கார்வக்ரோல். கற்பூரவள்ளி இலையில் மணப்பது அது. ஓம எண்ணெயிலேயே உள்ள சைமீனுக்குக் கிளைகள் உண்டு, ஐதராக்சில் இல்லை. நுண்ணுயிரியை ஒடுக்கும் ஆற்றலும் அதற்கு மிகக் குறைவு.

நுண்ணுயிரியின் உயிரணுவைக் காப்பது கொழுப்பாலான மெல்லிய சவ்வு. தைமோல் அதனுள் புகுந்து கட்டைத் தளர்த்துகிறது. உள்ளிருக்கும் பொட்டாசியம் அயனிகள் கசிகின்றன. உயிரணுவின் ஆற்றல் இருப்பு வற்றுகிறது. புறத்தே இன்னொரு சவ்வும் உடைய சூடோமோனாசு போன்றவை மட்டும் எளிதில் பணிவதில்லை.

ஆய்வகத் தட்டில் வெல்லும் அளவு உணவில் போதாது. அங்குள்ள கொழுப்பும் புரதமும் தைமோலைப் பற்றிக்கொள்கின்றன. அளவை மிகவும் கூட்டவும் இயலாது. நம் உயிரணுச் சவ்வும் கொழுப்பால் ஆனதே. செறிந்த எண்ணெய் பட்டால் தோல் எரியும். தைமோல் ஓமச் செடிக்கும் நஞ்சே. ஆகவேதான் செடி அதைத் தன் உயிரணுக்களில் பரவவிடாமல் தனிக்குழாய்களில் அடைத்து வைத்திருக்கிறது. ஓமத்தை என்றும் சிட்டிகையால் அளந்த நம் அடுக்களை வழக்கம் அறிவுக்கு உகந்ததே.