கூலன்ட் குறையுதா? ஊத்துறதுக்கு முன்னாடி எங்கே போகுதுன்னு பாருங்க!

2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த 12 மராட்டியக் கோட்டைகளில், மகாராஷ்டிராவுக்கு வெளியே இருப்பது நம்ம செஞ்சி மட்டும்தான். அதற்கு முன்பிருந்தே சென்னை, பாண்டி கார் பிரியர்களுக்கு இது செம வீக் எண்ட் ரூட். ஜி.எஸ்.டி ரோட்டில் திண்டிவனம் வரை ஒரே சீரான ஓட்டம். அங்கிருந்து திருவண்ணாமலை ரோட்டில் அரை மணி நேரம் போனால் பாறைக் குன்றுகள் தெரிய ஆரம்பிக்கும்.

இந்த ரூட்டில் போலோ ஜி.டி.ஐ, ஆக்டேவியா வி.ஆர்.எஸ் மாதிரி டர்போ பெட்ரோல் கார்களில் வருகிறவர்களும் உண்டு. இவற்றில் பல இப்போது செகண்ட் ஹேண்டில் கைமாறி வந்தவை. போலோ ஜி.டி.ஐ இந்தியாவுக்கு வந்தது 2016-ல், ஆக்டேவியா வி.ஆர்.எஸ் 2017-ல். அதாவது இன்ஜினுக்குள் இருக்கும் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்கெல்லாம் நல்லா வயசாகிவிட்டது. அதனால் இந்த ஓனர்களிடம் அடிக்கடி கேட்கும் டயலாக்: ''கூலன்ட் லேசா குறையுது ப்ரோ, மாசம் ஒரு தடவை ஊத்திப்பேன்.''

அங்கேதான் சிக்கலே. கூலன்ட் என்பது பெட்ரோல் மாதிரி தீர்ந்துபோகிற பொருள் இல்லை. அது மூடிய குழாய்களுக்குள் சுற்றிச் சுற்றி வருவது. மாசா மாசம் குறைகிறது என்றால், எங்கோ கசிகிறது என்று அர்த்தம்.

கொஞ்சூண்டு கசிந்தால் என்ன?

தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். பாதி கூலன்ட், பாதி தண்ணீர் கலந்தால் அது சுமார் 107 டிகிரி. டேங்க் மூடி உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைப்பதால், கொதிநிலை 120 டிகிரியைத் தாண்டிப் போகும். குக்கர் வேலை செய்கிற அதே லாஜிக்தான். கசிவு வந்தால் திரவம் மட்டும் போகாது, அந்த அழுத்தமும் போய்விடும். டர்போ இன்ஜின் சாதாரணமாகவே 90 முதல் 105 டிகிரியில் ஓடுவது. அழுத்தம் இறங்கினால் உள்ளே நீராவிக் குமிழ்கள் வரும். குமிழ் இருக்கும் இடத்தில் உலோகம் குளிராது. சிலிண்டர் ஹெட் வளையும், ஹெட் கேஸ்கட் போகும். சில ஆயிரத்தில் முடிய வேண்டிய வேலை லட்சத்துக்குப் போவது இப்படித்தான். வழக்கமான மோட்டார் இன்ஷூரன்ஸ் பாலிசி, மெக்கானிக்கல் கோளாறுகளுக்குப் பணம் தராது என்பதையும் மனசுல வெச்சுக்கோங்க.

ராஜகிரி ஏறுறீங்களா? அதுதான் டெஸ்ட் டைம்!

கூலன்ட் அளவை இன்ஜின் நன்றாக ஆறிய பிறகுதான் பார்க்க வேண்டும். சூட்டில் திரவம் விரிவதால் அளவு கூடுதலாகத் தெரியும். ராஜகிரி ஏறி இறங்க எப்படியும் இரண்டு, மூன்று மணி நேரம் ஆகும். காரை சமதளமாக, தரை காய்ந்திருக்கும் இடத்தில் நிறுத்திவிட்டு ஏறுங்கள். இறங்கி வந்ததும் இந்த மூன்றையும் பாருங்கள்.

1. தரை: முன் சீட்டுக்கு நேர் கீழே, நிறமும் வாசனையும் இல்லாத தண்ணீர் சொட்டியிருந்தால் அது ஏ.சி தண்ணீர். பயம் வேண்டாம். இன்ஜினுக்குக் கீழே பிங்க், பச்சை, ஊதா என நிறத்தோடு, விரலில் வழுவழுப்பாக, லேசான இனிப்பு வாசனையோடு இருந்தால் கூலன்ட். தொட்டால் கையைக் கழுவிவிடுங்கள். நாய், பூனைகள் அதை நக்கினால் உயிரே போய்விடும். எனவே தரையில் இருப்பதைத் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடுவது நம் பொறுப்பு.

2. டேங்க்: மின், மேக்ஸ் கோடுகளுக்கு நடுவே எங்கே இருக்கிறது என்று போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த வாரம் இதேபோல் இன்ஜின் ஆறிய நிலையில் இன்னொரு போட்டோ. இரண்டையும் ஒப்பிட்டாலே கசிவின் வேகம் தெரிந்துவிடும்.

3. தடம்: ஹோஸ் இணைப்புகள், ரேடியேட்டரின் பிளாஸ்டிக் ஓரங்கள், டேங்க்கின் அடிப்பகுதி ஆகியவற்றை டார்ச் அடித்துப் பாருங்கள். சூடான பாகத்தில் கசியும் கூலன்ட் ஆவியாகி, வெள்ளையாகவோ பிங்க்காகவோ உப்பு மாதிரி படிந்து நிற்கும். ரேடியேட்டர் ஃபேன் பக்கம் மட்டும் கை கொண்டுபோகாதீர்கள். இன்ஜினை ஆஃப் செய்த பிறகும் அது திடீரென்று சுற்றலாம்.

தரை காய்ந்திருக்கு, ஆனா அளவு குறையுதே?

இந்த வகை கார்களில் இதுதான் ரொம்ப காமன். மேலே சொன்ன இரண்டு கார்களிலும் இருப்பது ஃபோக்ஸ்வாகன் குழுமத்தின் இ.ஏ 888 இன்ஜின். இதில் வாட்டர் பம்ப்பும் தெர்மோஸ்டாட்டும் பிளாஸ்டிக் கூட்டுக்குள், இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில் ஒளிந்திருக்கும். இங்கே கசிவு வருவது உலகம் முழுக்க இந்த இன்ஜின் வைத்திருப்பவர்களுக்குத் தெரிந்த கதை. பானெட்டைத் திறந்தால் கண்ணுக்குப் படாது. கசிவது கியர்பாக்ஸ் மேல் இறங்கி, சூட்டில் காய்ந்துவிடும். மிச்சத்தை அடியில் இருக்கும் பிளாஸ்டிக் தட்டு பிடித்துக்கொள்ளும். தரைக்கு ஒரு சொட்டுகூட வராது.

இன்னொரு வாய்ப்பு, இன்ஜினுக்கு உள்ளேயே கசிவது. காலையில் ஸ்டார்ட் செய்யும்போது இன்ஜின் உதறுவது, சூடான பிறகும் நிற்காத இனிப்பு வாசனை வெண்புகை, டேங்க்கில் தொடர்ந்து வரும் குமிழ், ஸ்டார்ட் செய்த ஒரு நிமிடத்திலேயே ஹோஸ் கல் மாதிரி இறுகுவது ஆகியவை ஹெட் கேஸ்கட் போனதற்கான அறிகுறிகள். ஆயில் மூடியில் பால் மாதிரி படிந்திருந்தால் உடனே பதற வேண்டாம். மழைக்காலத்தில் குறைந்த தூரம் மட்டுமே ஓடும் காரிலும் அப்படி வரும். டிப்ஸ்டிக்கில் இருக்கும் ஆயிலும் பால் காபி நிறத்தில் இருந்தால் காரை ஸ்டார்ட் செய்யாதீர்கள்.

மெக்கானிக்கிடம் என்ன கேட்கணும்?

''கூலன்ட் ஃபில் பண்ணிக் கொடுங்கண்ணே'' என்று சொன்னால் அவரும் அதை மட்டும் செய்து கொடுப்பார். ''பிரஷர் டெஸ்ட் பண்ணிப் பாருங்க'' என்று கேளுங்கள். ஆறிய இன்ஜினில், டேங்க் மூடி இருக்கும் இடத்தில் கை பம்ப்பைப் பொருத்தி, மூடியில் குறித்திருக்கும் அழுத்தம் வரை காற்று ஏற்றுவார்கள். 10, 15 நிமிடத்தில் முள் இறங்கினால் கசிவு உறுதி. எங்கே ஈரம் என்று அப்போதே தேடலாம். மூடியையும் தனியாக டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள். சில நேரம் குற்றவாளி அந்தச் சின்ன மூடியாகவே இருக்கும்.

அப்படியும் பிடிபடவில்லையா? கூலன்ட்டில் சாயம் கலந்து இரண்டு நாள் ஓட்டிவிட்டு, யு.வி லைட் அடித்துப் பார்த்தால் கசிந்த இடம் ஒளிரும். ஹெட் கேஸ்கட் மேல் சந்தேகம் என்றால், டேங்க்கில் இன்ஜினில் எரிந்த வாயு கலந்திருக்கிறதா என்று பார்க்கும் நீல திரவ டெஸ்ட் இருக்கிறது. திரவம் மஞ்சளாக மாறினால் சந்தேகம் உறுதி. இந்த டெஸ்ட்டுகள் எதற்கும் இன்ஜினைப் பிரிக்கத் தேவையில்லை. ''முதல்ல இன்ஜினை இறக்கிப் பார்க்கலாம்'' என்று யாராவது சொன்னால், ''டெஸ்ட் பண்ணியாச்சா?'' என்று தாராளமாகக் கேட்கலாம்.

பாதி வழியில் சூடேறினால்?

வார்னிங் லைட் வந்ததும் ஏ.சி-யை ஆஃப் செய்து, ஹீட்டரை ஃபுல்லாக வையுங்கள். வேர்த்துக் கொட்டும்தான், ஆனால், இன்ஜின் சூட்டின் ஒரு பகுதியை அது வெளியே இழுக்கும். பாதுகாப்பான இடம் கிடைத்ததும் ஓரம்கட்டி இன்ஜினை நிறுத்துங்கள். டெம்பரேச்சர் முள்ளை மட்டும் நம்பாதீர்கள். பல கார்களில் அது ரொம்ப சூடாகும் வரை நடுவிலேயே நிற்கும். கூலன்ட் சென்சாருக்குக் கீழே இறங்கிவிட்டால், முள் தவறாகக் குறைத்துக்கூட காட்டலாம்.

முக்கியமான விஷயம்: சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கவே திறக்காதீர்கள். அழுத்தத்தில் இருக்கும் திரவம் கொதித்து முகத்தில் பீய்ச்சி அடிக்கும். குறைந்தது ஒரு மணி நேரமாவது காத்திருந்து, துணி போட்டு மெதுவாகத் திருகுங்கள்.

அவசரத்துக்கு டிஸ்டில்டு வாட்டர் ஊற்றலாம். போர் தண்ணீர் கடைசி வழி மட்டுமே. அதன் உப்பு உள்ளே படியும். ஒரே நிறம் என்றால் ஒரே கூலன்ட் என்று நினைக்க வேண்டாம், நிறத்துக்கு எந்தப் பொது விதியும் கிடையாது. மேனுவலில் சொன்ன வகைதான் சரி. ஓட்டையை அடைக்கும் பவுடர், லிக்விட் எல்லாம் டர்போவுக்குப் போகும் மெல்லிய குழாய்களையும் சேர்த்தே அடைத்துவிடும். அளவு வேகமாக இறங்கினால் ஓட்டிப் பார்க்கவே வேண்டாம். ஃப்ளாட்பெட் வண்டியை வரவழையுங்கள். டோயிங் பில் என்றைக்குமே இன்ஜின் பில்லைவிடச் சின்னது.