கடவுச்சொல்லும் கைரேகையும்: இழப்பு யாரைச் சேரும்?

திருவண்ணாமலையிலிருந்து செஞ்சிக்குச் செல்லும் சாலையில் உள்ள கீழ்பென்னாத்தூர், நெல்லும் மணிலாவும் விளையும் கிராமங்களுக்கு நடுவே வட்டத் தலைமையிடமாக விளங்கும் பேரூராட்சி. பட்டா மாறுதல், சாதிச் சான்று, பயிர்க் காப்பீடு, முதியோர் உதவித்தொகை என எந்தத் தேவைக்காக அங்கு வருபவரும் இன்று ஏதேனும் ஒரு கணினியின் முன் நின்றே ஆகவேண்டியிருக்கிறது. அந்தக் கணினியை இயக்குபவரோ பெரும்பாலும் வேறொருவராக இருக்கிறார். பாஸ்வேர்டு, ஓடிபி, லிங்க், ஆப் ஆகிய சொற்கள் எல்லோர் வாயிலும் புழங்கினாலும், அவற்றில் எது எந்தப் பூட்டுக்குரிய சாவி என்பது பலருக்கும் விளங்கியிருப்பதில்லை. பணம் பறிபோகும் நாளில் அந்த இழப்பை வங்கி ஏற்க வேண்டுமா, வாடிக்கையாளர் ஏற்க வேண்டுமா என்பது இச்சொற்களின் பொருளைக் கொண்டே தீர்மானிக்கப்படுவதால், இவற்றை அறிவது கணினி படித்தவர்களுக்கு மட்டும் உரிய காரியமன்று.

முதலில் வருவது பாஸ்வேர்டு எனப்படும் கடவுச்சொல். ஒருவர் தாம் இன்னார்தான் என்று கணினிக்கு மெய்ப்பிப்பது அடையாளச் சரிபார்ப்பு. அவ்வாறு மெய்ப்பித்தவர் எவற்றைச் செய்யலாம் என்று வரையறுப்பது அனுமதி. இவ்விரண்டும் ஒன்றோடொன்று பிணைந்தவை என்பதைத் தமிழ்நாடு 2020இல் பெரும் விலை கொடுத்து அறிந்தது. விவசாயக் குடும்பங்களுக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாயை மூன்று தவணைகளில் வழங்கும் பிஎம் கிசான் திட்டத்தில், வேளாண் துறை அலுவலர்களுக்கென வழங்கப்பட்டிருந்த பயனர் பெயரும் கடவுச்சொல்லும் ஒப்பந்தப் பணியாளர்கள் வழியாகத் தரகர்களிடமும் தனியார் கணினி மையங்களிடமும் சென்று சேர்ந்தன. அதன் விளைவாக 5 லட்சத்துக்கும் மேற்பட்ட தகுதியற்றவர்கள் பட்டியலில் சேர்க்கப்பட்டு, ஏறத்தாழ 110 கோடி ரூபாய் முறைகேடு நடந்ததாக அரசு அறிவித்தது. கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர் ஆகியவற்றுடன் திருவண்ணாமலையும் முறைகேடு நடந்த மாவட்டங்களின் வரிசையில் இருந்தது; வழக்கைச் சிபிசிஐடி விசாரித்தது.

இம்முறைகேட்டில் கூர்ந்து நோக்க வேண்டியது, எந்தக் கணினியும் உடைக்கப்படவில்லை என்பதே. ஹேக்கிங் என்றதும் மனத்தில் எழும் அத்துமீறல் எதுவும் இங்கு நிகழவில்லை. பூட்டு அதன் சொந்தச் சாவியாலேயே திறக்கப்பட்டது. யார் விசைப்பலகையைத் தட்டினாலும் கணினியின் பதிவேட்டில் விழுவது கடவுச்சொல்லுக்கு உரியவரின் பெயர்தான். இதில் இன்னொரு வேதனையும் உண்டு. ஏதோ உதவி கிடைக்கப்போகிறது என்று நம்பி ஆதார் அட்டையையும் வங்கிப் புத்தகத்தையும் கொடுத்தவர்களின் கணக்குகளிலிருந்தே பின்னர் அந்தப் பணம் திரும்ப எடுக்கப்பட்டது. இடையில் கமிஷன் வாங்கியவருக்குக் கொடுத்த தொகை போனது போனதுதான்.

ஓடிபி என்பது ஒருமுறை மட்டும் செல்லுபடியாகும் கடவுச்சொல். கடவுச்சொல் ஒருவர் மனத்தில் இருப்பது, செல்பேசி அவர் கையில் இருப்பது. இரண்டையும் சேர்த்துக் கேட்பதால் இம்முறை இரண்டடுக்குச் சரிபார்ப்பு எனப்படுகிறது. ஆனால், பிரவுசிங் சென்டரின் மேசைக்கு முன் நடப்பது வேறு. ஆதார் எண்ணைத் தட்டி முடித்தவர் திரும்பிப் பார்க்காமலேயே கையை நீட்டுகிறார். எதிரே நிற்கும் பெரியவர் செல்பேசியை அந்தக் கையில் வைக்கிறார். குறுஞ்செய்தி வந்த ஓசை கேட்கிறது, எண் தட்டப்படுகிறது, செல்பேசி திரும்புகிறது. அந்த எண் சான்றிதழுக்கு வந்ததா, வங்கிக் கணக்குக்கு வந்ததா என்று செல்பேசிக்கு உரியவர் பார்க்கவில்லை; இரண்டு அடுக்குகளும் அந்த ஒரு கணத்தில் ஒரே கைக்குப் போய்விட்டன. எதற்காக அந்த எண் அனுப்பப்படுகிறது என்பது பெரும்பாலும் அதே குறுஞ்செய்தியில் எழுதப்பட்டிருந்தாலும், அது ஆங்கிலத்தில் வருவதால் பலருக்குப் பயனற்றுப் போகிறது. இது திருத்தப்பட வேண்டிய குறை. அதுவரையில், செய்தியை நம்பகமான ஒருவரை விட்டுப் படிக்கச் செய்து, பிறகு எண்ணைத் தாமே தட்டுவதுதான் வழி. யுபிஐ செயலியின் இரகசிய எண்ணோ பணம் அனுப்புவதற்குத் தேவை. பணம் பெறுவதற்கு அது ஒருபோதும் தேவைப்படுவதில்லை.

பிஷிங் என்பது தூண்டில் போடுவது. வங்கி, மின்வாரியம், அரசுத் திட்டம் எனத் தெரிந்த பெயரைப் பூசிக்கொண்ட ஒரு செய்தி, ஓர் இணைப்பை அழுத்தச் சொல்கிறது. இணைய முகவரியின் முன்னால் தெரியும் பூட்டுச் சின்னம், அனுப்பும் தகவல் வழியில் பிறர் படிக்க முடியாதபடி மறையாக்கம் செய்யப்படுகிறது என்பதை மட்டுமே குறிக்கும். மறுமுனையில் இருப்பவர் நேர்மையானவர் என்பதற்கு அது சான்றாகாது. தூண்டிலின் அடுத்த வடிவமே ஏபிகே எனப்படும் செயலிக் கோப்பு. பிஎம் கிசான் பெயரிலேயே வாட்ஸ்அப் குழுக்களில் இத்தகைய கோப்புகள் பரவியது குறித்துத் தமிழ்நாடு காவல்துறையின் இணையவழிக் குற்றப்பிரிவு 2024இல் எச்சரித்தது. கோப்பைத் தொட்டதும், அறியாத இடத்திலிருந்து வரும் செயலியை நிறுவலாமா என்று செல்பேசி கேட்கிறது. அடுத்து, குறுஞ்செய்திகளைப் படிக்க அதனை அனுமதிக்கலாமா என்று கேட்கிறது. இரண்டாவது கேள்விக்கு ஒப்புதல் அளித்த பிறகு, ஓடிபியை யாரும் கேட்டு வாங்க வேண்டியதில்லை. உள்ளே குடியேறிய தீநிரல் அதைத் தானாகவே படித்து அனுப்பிவிடும்.

கைரேகையின் நிலை இன்னும் கவனத்துக்குரியது. ஏனெனில் கடவுச்சொல்லை மாற்றலாம், விரலை மாற்ற இயலாது. தெலங்கானாவில் 2018இல் பத்திரப்பதிவு ஆவணங்களிலிருந்த கைரேகைகளைக் கொண்டு போலி ரேகைகள் உருவாக்கப்பட்டது வெளிப்பட்டது. ஆதார் வழியாக வங்கி முகவரிடம் பணம் எடுக்கும் வழக்கமுள்ளவர்கள், ஆதாரின் அதிகாரபூர்வச் செயலியில் தம் கைரேகையைப் பூட்டி வைத்துத் தேவையான நேரத்தில் மட்டும் திறந்துகொள்ளலாம். அதற்குக் கட்டணம் கிடையாது.

இனி உரிமைகள். ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 அன்று வெளியிட்ட விதிகளின்படி, வங்கியின் குறைபாட்டால் இழப்பு நேர்ந்தால் வாடிக்கையாளருக்குப் பொறுப்பே இல்லை. வங்கியிடமும் வாடிக்கையாளரிடமும் தவறில்லாமல் வேறோர் இடத்தில் நேர்ந்த ஓட்டையால் பணம் போயிருந்தால், 3 வேலை நாட்களுக்குள் தெரிவிப்பவருக்கு இழப்பில்லை. 4 முதல் 7 வேலை நாட்களுக்குள் தெரிவித்தால், சாதாரணச் சேமிப்புக் கணக்குக்கு அதிகபட்சமாக 10,000 ரூபாயும், அடிப்படைச் சேமிப்புக் கணக்குக்கு 5,000 ரூபாயும் மட்டுமே அவர் தலையில் விழும். ஓடிபியையோ கடவுச்சொல்லையோ தாமே கொடுத்தவர், வங்கிக்குத் தெரிவிக்கும் வரையிலான முழு இழப்பையும் ஏற்க வேண்டும். ஆனால் தெரிவித்த பிறகு போகும் ஒவ்வொரு ரூபாயும் வங்கியின் பொறுப்பு. வாடிக்கையாளர்தான் தவறு செய்தார் என்று மெய்ப்பிக்கும் கடமையும் வங்கியையே சாரும். இந்த ஒரு விதியை அறியாததால், வங்கிக் கிளையில் சொல்லப்படும் முதல் மறுப்பையே முடிவாக எடுத்துக்கொண்டு திரும்புபவர்கள் உண்டு. அதே ஆண்டு டிசம்பரில் கூட்டுறவு வங்கிகளுக்கும் இத்தகைய விதிகள் வகுக்கப்பட்டன.

பணம் போனது தெரிந்தவுடன் 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும். திருடப்பட்ட தொகை பல கணக்குகளுக்குத் தாவிக்கொண்டே இருக்கும் என்பதால், அது எங்கேனும் தங்கியிருக்கும்போதே முடக்குவதற்கு ஒவ்வொரு நிமிடமும் மதிப்புடையது. பிறர் கடவுச்சொல்லைத் திருடிப் பயன்படுத்துவதும், கணினி வழியே ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவதும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி, 66டி பிரிவுகளின்படி மூன்றாண்டு வரை சிறைக்குரிய குற்றங்கள். முதல் தகவல் அறிக்கையின் நகலைப் புகார்தாரர் இலவசமாகப் பெறலாம்.

குறைவாகவே அறியப்பட்ட ஒரு வழியும் உண்டு. அச்சட்டத்தின் 46ஆம் பிரிவின்படி, 5 கோடி ரூபாய் வரையிலான இழப்பீட்டுக் கோரிக்கையை மாநிலத்தின் தீர்ப்பு அலுவலர் விசாரிக்கலாம். பிஷிங் மின்னஞ்சலுக்கு இரையாகிப் பணம் இழந்த, வெளிநாட்டில் பணிபுரிந்த தமிழர் ஒருவருக்கு 12.85 லட்சம் ரூபாய் வழங்குமாறு ஒரு பெரிய தனியார் வங்கிக்குத் தமிழ்நாட்டின் தீர்ப்பு அலுவலர் 2010இல் உத்தரவிட்டார். இத்தகைய கோரிக்கை நிற்பதற்கு ஆதாரம் வேண்டும். ஆகவே, ஏமாந்த ஆத்திரத்தில் அந்தச் செயலியையும் செய்திகளையும் உடனே அழித்துவிடாமல், செல்பேசியின் இணையத் தொடர்பை மட்டும் துண்டித்துவிட்டு, வந்த குறுஞ்செய்திகளையும் அனுப்பியவரின் எண்ணையும் வேறொரு செல்பேசியால் படம் எடுத்து, 1930இல் கிடைத்த புகார் எண்ணோடு சேர்த்து வங்கிக் கிளையில் எழுத்து மூலம் கொடுத்து, தேதியுடன் ஒப்புகை முத்திரை பெற்றுக்கொள்ள வேண்டும்.